பல்பை அமுக்கினால் ஓடுது, விட்டால் நிக்குது: 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு

காயல்படகு | 4.1.2026, காலை 7.40

18 அடி ஃபைபர் படகு. பின்னால மாட்டுற அவுட்போர்டு எஞ்சின், 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது. 24 லிட்டர் தனி டாங்க். தொழிலுக்கு இல்லை, குடும்பத்தோட சுத்தவும் தூண்டில் போடவும்தான். அக்டோபரில் மழைக்குக் கரையேத்தினது, டாங்கில் பாதிக்கு மேல பெட்ரோல் கிடந்தது. இப்போ இறக்கினால் கை ஓய்ஞ்சு போற வரைக்கும் இழுத்தாத்தான் பிடிக்குது. ஸ்லோவில் கொஞ்ச நேரம் ஓடி நின்னுடுது. முழு த்ராட்டில் கொடுத்தால் மூச்சு வாங்கி இறங்குது. பெட்ரோல் ஹோஸ் நடுவில் இருக்கிற ரப்பர் பல்பை (கைப் பம்ப்) அமுக்கிட்டே இருந்தா மட்டும் ஓடுது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவிட்டார், பிளக் ரெண்டும் புதுசு. அடுத்து சிடிஐ (பிளக்குக்குக் கரண்ட் அனுப்புற பெட்டி) போயிருக்கும்ங்கிறார். எனக்கும் கரண்ட் பிரச்சினைன்னுதான் படுது. சிடிஐ எங்கே மலிவாக் கிடைக்கும்?

உப்புக்காற்று | 4.1.2026, காலை 8.15

சிடிஐ வாங்காதீங்க தம்பி. பதிலைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். பல்பை அமுக்கினால் எஞ்சின் எழுந்துகொள்கிறது என்றால் பிளக்கில் கரண்ட் இருக்கிறது, மெயின் ஜெட்டும் (கார்புரேட்டரில் வேகமாக ஓடும்போது பெட்ரோல் விடும் துளை) திறந்துதான் இருக்கிறது. பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சிடிஐ போன எஞ்சினுக்குப் பல்பை நாள் முழுக்க அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது.

டாங்கிலிருந்து ஆரம்பித்து எஞ்சினை நோக்கி வாருங்கள். கார்புரேட்டரைக் கடைசியாகத் தொட வேண்டும். நம் ஊரில் அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள்.

முதலில் சொல்லுங்கள்: எஞ்சின் இறங்கும் நேரத்தில் பல்பு எப்படி இருக்கிறது? ஒட்டிப்போய்ச் சப்பையாகிறதா, உருண்டையாகவே இருந்து மெத்தென்று இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு கோளாறு.

பழைய சோக் | 4.1.2026, காலை 9.02

டாங்க் மூடியில் காத்துத் திருகைத் திறந்தீங்களா? பாதிப் பேருடைய சிடிஐ அங்கேதான் இருக்கு.

காயல்படகு | 4.1.2026, மாலை 5.30

காத்துத் திருகு திறந்துதான் இருக்கு. பல்பு சப்பையாகலை, மெத்துன்னு இருக்கு. ஓடும்போது கல்லு மாதிரி இருக்கணும்னு மெக்கானிக் சொன்னார்.

உப்புக்காற்று | 4.1.2026, இரவு 9.10

ஓடும்போது பல்பு கல்லாக இருக்க வேண்டியதில்லை. எஞ்சினில் உள்ள டயஃப்ரம் பம்ப் (மெல்லிய சவ்வு ஆடி இழுக்கும் பம்ப்) பல்பு வழியாகத்தான் பெட்ரோலை உறிஞ்சுகிறது. அதனால் ஓடும்போது கொஞ்சம் இளகி இருப்பது இயல்பு. ஸ்டார்ட் செய்வதற்கு முன் அமுக்கும்போது இறுகுகிறதா, இறுகியது அப்படியே நிற்கிறதா என்பதுதான் சோதனை.

சப்பையானால் பல்புக்கு முன்னால் அடைப்பு: காற்றுத் திருகு, டாங்கின் உறிஞ்சு குழாய் முனையில் இருக்கும் வலை, மடங்கிய ஹோஸ், ஹோஸின் உள்தோல் உரிந்து மூடிக்கொள்வது. உள்ளேயே பொருத்திய டாங்க் என்றால் சைஃபன் தடுப்பு வால்வில் குண்டு சிக்கியிருக்கலாம். உங்களுக்கு இது இல்லை.

மெத்தென்று இருந்தால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது, அல்லது பம்ப் இழுக்கவில்லை. காற்று போகிற இடத்தில் பெட்ரோல் ஒழுக வேண்டும் என்று தேடாதீர்கள். ஓடும்போது அந்த ஹோஸ் முழுக்க உறிஞ்சும் பக்கம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான். வெளியே ஒரு சொட்டும் சிந்தாது, வாய்க்குக் காற்றுதான் வரும். பல்பை அமுக்கும்போதுதான் அதே ஹோஸுக்குள் அழுத்தம் ஏறும், அப்போது ஈரம் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். எஞ்சின் பக்கக் கனெக்டரைக் கழற்றுங்கள். அதற்குள் இருக்கும் குண்டு தானாக மூடிக்கொள்ளும். இப்போது அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பல்பைச் செங்குத்தாகப் பிடித்து அமுக்குங்கள். படுக்கவைத்து அமுக்கினால் உள்ளே இருக்கும் வால்வுகள் சரியாக உட்காராது. இறுகிய பிறகு ஐந்து நிமிடம் விடுங்கள்.

இறுகி, பிறகு இளகினால், வெளியே ஈரமும் இல்லையென்றால், பல்பின் உள்வால்வு பெட்ரோலைத் திரும்ப டாங்குக்கே விடுகிறது. பல்பு மாற்ற வேண்டும். இறுகவே இல்லையென்றால் டாங்க் பக்கக் கனெக்டரோ கிளாம்ப்போ காற்று இழுக்கிறது. இறுகி அப்படியே நின்றால் பல்பும் டாங்கும் சரி. அடுத்து கனெக்டரை எஞ்சினில் செருகி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது இளகினால் கோளாறு எஞ்சின் பக்கம்: கனெக்டரின் 'ஓ' ரிங், ஃபில்டர் கப், பம்ப், அல்லது கார்புரேட்டரின் நீடில் வால்வு. நீடில் வால்வு என்றால் கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டுவது கண்ணில் படும்.

பழைய சோக் | 5.1.2026, காலை 6.50

கூட ஒண்ணு. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் கண்ணாடி ஹோஸ் போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுறது கண்ணுக்கே தெரியும். சோதனைக்கு மட்டும். அதையே வெச்சு ஓட்டக் கூடாது, வெயிலில் விறைச்சு வெடிக்கும்.

காயல்படகு | 5.1.2026, மாலை 6.20

தனியா இறுகி நிக்குது. எஞ்சினில் செருகினால் ரெண்டு நிமிஷத்தில் இளகுது, கனெக்டர் அடியில் விரலில் ஈரம் பட்டுச்சு. கார்புரேட்டரில் சொட்டலை.

உப்புக்காற்று | 5.1.2026, இரவு 8.40

கனெக்டரின் 'ஓ' ரிங். ஹோஸ் முனையில் இருக்கும் பெண் பாகத்தின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ரிங் ஒரு பக்கம் தட்டையாகவோ கீறலாகவோ இருக்கும். பெரும்பாலும் ரிங்கைத் தனியாகத் தரமாட்டார்கள், கனெக்டரையே மாற்றுங்கள். பிராண்டுக்குப் பிராண்டு வடிவம் வேறு. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. ஹோஸ் உள்விட்டம் இந்த எஞ்சினுக்கு 8 மிமீ போதும். ஹோஸ் முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புது இடத்தில் செருகி, துருப்பிடிக்காத ஸ்டீல் கிளாம்ப் போடுங்கள். பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுவது ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

காயல்படகு | 8.1.2026, காலை 10.05

கனெக்டர் மாத்தியாச்சு. ஸ்லோவில் நிக்காம ஓடுது அண்ணே! ஆனா முழு த்ராட்டில் இன்னும் ஏறலை. பாதிக்கு மேல போனா உளறுது. கீழ் சிலிண்டர் பிளக் ஈரமா, கறுப்பா வருது. மேல் பிளக் காஞ்சு வெளுத்து இருக்கு.

உப்புக்காற்று | 8.1.2026, மதியம் 1.30

இரண்டு பிளக்கும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள், அது பெரிய துப்பு. ஒன்று ஈரம், ஒன்று உலர்ந்தது என்றால் டாங்கை விட்டு எஞ்சினுக்கு வந்துவிட்டோம்.

டயஃப்ரம் பம்புக்குத் தனி மோட்டார் கிடையாது. ஒரு சிலிண்டரின் கிராங்க் கேஸில் (பிஸ்டனுக்கு அடியில் உள்ள அறை) ஏறி இறங்கும் அழுத்தம் சின்னத் துளை வழியாக வந்து டயஃப்ரத்தை ஆட்டுகிறது. டயஃப்ரத்தில் ஊசித் துளை விழுந்தால் இரண்டு கெடுதல் ஒன்றாக நடக்கும். பம்பின் வேகம் குறையும், அதனால் முழு வேகத்தில் பெட்ரோல் போதாது. அதே துளை வழியாகப் பச்சைப் பெட்ரோல் அந்த ஒரு சிலிண்டருக்குள் போய் அதன் பிளக்கை நனைக்கும். பம்ப் எந்தச் சிலிண்டரோடு இணைந்திருக்கிறதோ அதுவும் உங்கள் ஈர பிளக்கும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றென்றால் கோளாறு பிடிபட்டது.

பம்ப் கிட் வாங்கும்போது டயஃப்ரம், கேஸ்கட், ரீட் போன்ற சிறு வால்வுத் தகடுகள் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றுவதற்கு முன் மூன்று அடுக்குக்கும் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிடுங்கள். கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டால் அழுத்தத் துளை மூடிக்கொள்ளும், பிறகு மறுபடி சிடிஐ கதை ஆரம்பிக்கும். கேஸ்கட்டுக்குப் பசை பூசக் கூடாது.

அப்புறம், மேல் பிளக் வெளுத்திருக்கிறது என்கிறீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. டாங்கில் என்ன பெட்ரோல் இருக்கிறது? அக்டோபரில் ஊற்றியதேதானா?

காயல்படகு | 8.1.2026, மதியம் 2.00

அதேதான். வீணாக்குவானேன்னு கீழே ஊத்தலை. மேல புதுசு 5 லிட்டர் சேர்த்தேன்.

உப்புக்காற்று | 8.1.2026, இரவு 9.45

இனி அந்த டாங்கில் ஓட்டாதீர்கள். காரணம் நீளமானது.

பங்கில் கிடைக்கும் பெட்ரோல் இப்போது இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2022 ஜூனில் 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டினார்கள், 2023 பிப்ரவரியில் இ20 விற்பனை தொடங்கியது, 2025இல் நாடு முழுக்க 20 சதவீதம் ஆகிவிட்டது. அவுட்போர்டு தயாரிப்பாளர்களின் கையேடுகளில் உச்சம் 10 சதவீதம் என்றுதான் இருக்கும். யமஹா, மெர்க்குரி இரண்டிலும் அப்படித்தான். அமெரிக்காவில் காருக்கு அனுமதித்த இ15 பெட்ரோலையே படகு எஞ்சினில் ஊற்றக் கூடாது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை தடை வைத்திருக்கிறது.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழைக்காலம், காற்றுத் திருகு திறந்த டாங்க், பாதி காலி. இரவும் பகலும் ஈரக் காற்று உள்ளே போய் வந்துகொண்டிருக்கும். ஓரளவு வரை தண்ணீர் கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அளவு தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். இ10 பெட்ரோலுக்கு அந்த எல்லை ஏறக்குறைய அரை சதவீதத் தண்ணீர், அதாவது 24 லிட்டருக்கு 120 மில்லி. இ20 அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பிரிந்தால் இழப்பும் பெரிது: 24 லிட்டரில் 4.8 லிட்டர் எத்தனால் இருக்கிறது, அதில் பெரும்பகுதி தண்ணீரோடு கீழே போய் உட்காரும்.

உறிஞ்சு குழாய் எங்கே இருக்கிறது? டாங்கின் அடியில். அதனால் எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடி நீர்தான். டூ ஸ்ட்ரோக்குக்கு இதில் இன்னொரு ஆபத்து: நீங்கள் கலந்த ஆயில் பெட்ரோலோடு மேலே நின்றுவிடும், அடி அடுக்கில் ஆயில் கிடையாது. பேரிங்கும் பிஸ்டனும் உலர்ந்து ஓடும். ஸ்டார்ட் ஆகாமல் போனது ஒரு விதத்தில் நல்லதுதான்.

பார்க்கும் முறை: டாங்கை ஒரு மணி நேரம் ஆடாமல் சாய்த்து வையுங்கள். தாழ்ந்த மூலையிலிருந்து கண்ணாடி ஹோஸ் போட்டு, கைப் பம்ப்பால் அரை லிட்டர் கண்ணாடி பாட்டிலில் எடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். அரை மணி நேரம் வையுங்கள். நடுவில் கோடு விழுந்தால் பிரிந்துவிட்டது. பால் போலக் கலங்கியிருந்தால் பிரியப் போகிறது. தெளிவாக ஒரே நிறமாக இருந்தால் தப்பித்தீர்கள்.

தீவு25 | 9.1.2026, காலை 7.15

ஸ்டெபிலைசர் ஊத்திக் குலுக்கினால் மறுபடி கலந்துடும்னு டப்பாவிலேயே போட்டிருக்கே?

உப்புக்காற்று | 9.1.2026, காலை 8.00

கலக்காது. ஸ்டெபிலைசர் பெட்ரோல் பழசாகிப் பிசினாவதைத் தள்ளிப்போடும்; அதுவும் புதுப் பெட்ரோலில் ஊற்றினால்தான். பிரிந்ததை எதுவும் சேர்த்துவைக்காது. அடியை மட்டும் எடுத்துவிட்டு மேலே இருப்பதை ஓட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். எத்தனால் போன பெட்ரோலுக்கு ஆக்டேனும் குறைந்திருக்கும். முழுக்க எடுத்து விடுங்கள், காயலில் கொட்டாதீர்கள், பைக்கிலும் ஊற்றாதீர்கள்.

தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் போட்டால் போதும் என்பதும் அரை உண்மை. தனியாக நிற்கும் தண்ணீரை அது பிடிக்கும். எத்தனாலில் கரைந்த தண்ணீரை அது விட்டுவிடும்.

பழைய சோக் | 9.1.2026, காலை 8.30

எவ்வளவு எத்தனால் இருக்குன்னு வீட்டிலேயே அளக்கலாம். 100 மில்லி அளவுக் குழாய், மெடிக்கல் கடையில் கிடைக்கும். 10 மில்லி தண்ணி, மேல 90 மில்லி பெட்ரோல் (ஆயில் கலக்காதது). மூடிக் குலுக்கி வெச்சுட்டு, அடித் தண்ணி எத்தனை மில்லி ஆச்சுன்னு பாருங்க. 10 ஆகவே இருந்தா எத்தனால் இல்லை. 28 கிட்ட வந்தா 18 மில்லி எத்தனால், அதாவது 20 சதவீதம். நூறு ஆக்டேன்னு விலை கூடக் கொடுத்து வாங்குறவங்களும் பேரை நம்பாம இதைச் செய்து பார்த்துக்கோங்க.

காயல்படகு | 10.1.2026, மாலை 4.50

கோடு விழுந்திருக்கு. பாட்டிலில் கீழ் மூணு விரக்கடை நிறமே வேற. ஆயிலின் நீலம் மேல மட்டும்தான் இருக்கு, கீழே வெள்ளையா நிக்குது. டாங்கை முழுசா இறக்கியாச்சு.

உப்புக்காற்று | 10.1.2026, இரவு 7.30

நான் சொன்னதை அந்த நீலமே காட்டிவிட்டது. இப்போது கார்புரேட்டரைத் தொட நேரம் வந்துவிட்டது. ஏற்கெனவே கழுவினார்கள்தான், ஆனால் அதன் பிறகு இதே நீர் அதற்குள் போயிருக்கிறது. அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றி ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிடியுங்கள். வெள்ளைப் பொடியும் பச்சை நிறக் களிம்பும் வந்தால் முழுக்கக் கழற்ற வேண்டும். தெளிவாக வந்தால் வேண்டாம்.

கழற்றினால் பைலட் ஜெட்தான் முக்கியம். ஸ்லோவில் நிற்பது, காலையில் பிடிக்காமல் அடம்பிடிப்பது எல்லாம் அதன் வேலை. கம்பி விட்டுக் குடையாதீர்கள், பித்தளை மெது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய தூண்டில் நரம்பு ஒரு துண்டு விட்டுப் பார்த்து, பிறகு காற்று அடியுங்கள். ஐடில் திருகைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடியில் முட்டியதும் நிறுத்த வேண்டும், இறுக்கினால் முனை வளையும்.

புதுக் கலவை: 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. 24 லிட்டருக்கு 480 மில்லி. பாதிப் பெட்ரோலை ஊற்றி, ஆயிலை ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை ஊற்றுங்கள். ஆயில் டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று இருக்க வேண்டும். பைக்குக்கான 2டி ஆயிலில் சாம்பல் விடும் சேர்மானம் உண்டு. தண்ணீரில் குளிரும் எஞ்சினில் அது ரிங்கையும் பிளக்கையும் பிடிக்கும்.

தீவு25 | 11.1.2026, காலை 6.40

வெளுத்த பிளக்குக்கு இன்னும் பதில் வரலை. தண்ணி பிரியாத நல்ல இ20 போட்டாலும் எங்க எஞ்சினில் பிளக் வெளுத்துத்தான் வருது.

உப்புக்காற்று | 11.1.2026, காலை 11.20

சரியான கேள்வி. தண்ணீர் ஒரு பாதி, இன்னொரு பாதி காற்றுக் கணக்கு.

எத்தனால் இல்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ10க்கு ஏறக்குறைய 14.1, இ20க்கு 13.5. கார்புரேட்டர் ஜெட்டுக்கு இது தெரியாது, அது அதே அளவைத்தான் விடும். ஆகவே பழைய ஜெட்டோடு இ20 ஊற்றினால் கலவை சுமார் 8 சதவீதம் மெலிகிறது, அதாவது பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகமாகிறது. மெலிந்த கலவை சூடாக எரியும்.  முழு வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் பிஸ்டன் பிடிக்கும் அபாயம் உண்டு. இஎஃப்ஐ எஞ்சின்களில் (கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சுபவை) சிலவற்றில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால் ஓரளவு தானே சரிக்கட்டும், சாதா கார்புரேட்டரில் வழியில்லை.

மெயின் ஜெட்டை ஏற்றலாம். துளைப் பரப்பு 8 சதவீதம் கூட வேண்டுமென்றால் விட்டம் 4 சதவீதம்தான் கூடும். எண் விட்டத்தைக் குறிக்கும் ஜெட்டாக இருந்தால் 150க்குப் பதில் 155. அதற்கு மேல் போகத் தேவையில்லை. மாற்றிய பிறகு புதுப் பிளக் போட்டு முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டி, ஓடும் வேகத்திலேயே கில் கிளிப்பை இழுத்து நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். ஸ்லோவுக்கு இறக்கி நிறுத்தினால் பிளக் பொய் சொல்லும். காப்பிப் பொடி நிறம் வர வேண்டும்.

ஜெட் கைவசம் இல்லாதவர்கள் ஆயிலைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறார்கள். தலைகீழ். ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைந்து கலவை இன்னும் மெலியும்.

பழைய சோக் | 11.1.2026, மதியம் 12.05

பிளக் எண்ணையும் பார்த்து வாங்குங்க. என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண்ணோட கடைசியில் -10 இருந்தா இடைவெளி 1.0 மிமீ. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்"னு -10 இல்லாததைக் கொடுப்பார். ஒண்ணுதான்னா விலையையும் ஒண்ணாப் போடச் சொல்லுங்க.

மண்ணெண்ணெய்க்காரன் | 11.1.2026, இரவு 9.00

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். மீன்பிடிப் படகிலிருந்து கழட்டின மண்ணெண்ணெய் எஞ்சின் ஒண்ணு வாங்கியிருக்கேன். உல்லாசப் படகுக்கு வெறும் பெட்ரோலில் ஓட்டலாமா? காலையில் பிடிக்கவே மாட்டேங்குது.

உப்புக்காற்று | 12.1.2026, காலை 7.50

ஓட்டலாம், ஆனால் அதன் தன்மை தெரிந்து ஓட்ட வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினில் கம்ப்ரஷன் குறைவாகவே வைத்திருப்பார்கள், ஜெட்டும் வேறு. வெறும் பெட்ரோலில் ஓடும், ஆனால் பெட்ரோல் எஞ்சின் தரும் இழுவையை எதிர்பார்க்கக் கூடாது.

காலையில் பிடிக்காததற்கு ஒரே காரணம் பெரும்பாலும் இதுதான்: அது பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவது. நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்ட வேண்டும். விற்றவர் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருந்தால் கார்புரேட்டர் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் நிற்கும், குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. கிண்ணத்தை வடித்துவிட்டு, மாற்று வால்வு உள்ளே கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் இரண்டு டாங்கும் இரவோடு இரவாகக் கலந்துவிடும். கம்ப்ரஷனையும் அளந்துவிடுங்கள்: இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெட்ரோல் பக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தீவு25 | 13.1.2026, மாலை 3.15

எங்க ஃபோர் ஸ்ட்ரோக் இஎஃப்ஐ காலையில் ஒரே கீயில் பிடிக்குது. தீவில் இறங்கி முக்கால் மணி நேரம் கழிச்சு வந்தா சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. ஆறினா சரியாயிடுது.

உப்புக்காற்று | 13.1.2026, இரவு 8.25

சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது. ஓடி நிறுத்திய எஞ்சினுக்குத் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், மூடிக்குள் சூடு ஏறும், ஆவி பிரிக்கும் சின்ன டாங்கில் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சுலபமாக ஆவியாகும்.

திரும்பி வந்ததும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மேல்மூடியை ஐந்து நிமிடம் திறந்து வையுங்கள். பல்பை இறுகும்வரை அமுக்குங்கள். கீயை ஆன் நிலையில் மட்டும் வைத்து, பம்ப் சில வினாடி ரீங்கரித்து அடங்கும் சத்தத்தைக் கேளுங்கள். ஆஃப் செய்து மறுபடி ஆன். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்த பிறகு சுற்றுங்கள். பிடித்தால் காரணம் உறுதி. ரீங்காரமே கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கில் கிளிப்.

பேட்டரியையும் விட்டுவிடாதீர்கள். நிலையாக இருக்கும்போது 12.6 வோல்ட், சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் சுற்றுகிறதே என்று பேட்டரியை நல்லது என எண்ணுவார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் அளவுக்கு இருக்கும் வோல்ட், இஎஃப்ஐ மூளைக்குப் போதாமல் போவது உண்டு. சுற்றாமல் 'டிக்' என்று மட்டும் கேட்டால் பேட்டரி முனை, எர்த் கேபிள், சோலினாய்டு என்ற வரிசையில் பாருங்கள். கேபிளின் இரு முனைக்கும் மீட்டர் வைத்துச் சுற்றும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே பச்சை பூத்திருக்கிறது.

பழைய சோக் | 13.1.2026, இரவு 8.50

டூ ஸ்ட்ரோக்கில் வெயில் வேற மாதிரி விளையாடும். மூடின காத்துத் திருகு, எஞ்சினில் செருகின ஹோஸ், மதிய வெயில். டாங்க் ஊதி, பெட்ரோலை நீடில் வால்வைத் தாண்டித் தள்ளி, கார்புரேட்டரை மூழ்கடிச்சுடும். வந்து சோக் போட்டு இழுத்தா இன்னும் மூழ்கும். கரையில் நிறுத்தினா ஹோஸை எஞ்சினிலிருந்து கழட்டிடணும். மூழ்கிட்டா சோக்கை உள்ளே தள்ளி, த்ராட்டில் முழுசாத் திறந்து இழுங்க. அப்பவும் இல்லைன்னா பிளக்கைக் கழட்டி, கில் கிளிப்பையும் எடுத்துட்டு, மெதுவா இழுத்து உள்ளே இருக்கிறதை வெளியே தள்ளணும். பிளக் வயரைத் தொங்கவிடாம எர்த்தில் வையுங்க. துளையிலிருந்து பெட்ரோல் புகை வரும், ஒரு பொறி போதும்.

உப்புக்காற்று | 14.1.2026, காலை 7.05

பொறி என்றதும் நினைவு வந்தது. யாரோ ஒருவர் உண்மையிலேயே கரண்ட் இல்லாமல் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வார், அவருக்காக: சிடிஐயைச் சந்தேகிக்கும் முன், கில் ஸ்விட்சிலிருந்து வரும் எஞ்சினை நிறுத்தும் வயரைக் கழற்றுங்கள். யமஹாவில் வெள்ளை, மெர்க்குரியில் கறுப்பில் மஞ்சள் கோடு. அதைக் கழற்றியதும் பிளக்கில் கரண்ட் வந்தால் உப்பு அரித்த கில் ஸ்விட்ச்தான் குற்றவாளி, விலை சிடிஐயில் ஒரு சிறு பகுதி. சோதனை முடிந்ததும் மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் எஞ்சினை நிறுத்த சோக்கை இழுக்க வேண்டியிருக்கும்.

கரண்ட் பார்க்கும்போது படகில் பெட்ரோல் வாசனை இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தளத்துக்கடியில் தேங்கும். உள்ளே பொருத்திய பெட்ரோல் எஞ்சின் படகுகளில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு நிமிடம் புளோயர் ஓட்டச் சொல்வது இதனால்தான்.

காயல்படகு | 17.1.2026, மாலை 6.00

பம்ப் கிட் போட்டாச்சு. டயஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடிச்சா ஓரத்தில் ஊசித் துளை தெரிஞ்சுது, கீழ் சிலிண்டர் பக்கம்தான் பம்ப். கார்புரேட்டர் வடிகாலில் பச்சைக் களிம்பு வந்துச்சு, பைலட் ஜெட் பாதி அடைப்பு. புது டாங்க் பெட்ரோல், 480 மில்லி ஆயில். ரெண்டாவது இழுப்பில் பிடிக்குது, முழு வேகம் ஏறுது. ரெண்டு பிளக்கும் ஒரே நிறம், ஆனா கொஞ்சம் வெளுப்பு. 155 ஜெட் ஆர்டர் போட்டிருக்கேன். சிடிஐ வாங்கலை. மெக்கானிக்குக்குச் சொல்லலாமா?

பழைய சோக் | 17.1.2026, மாலை 6.12

சொல்லாதீங்க. அடுத்த படகுக்கு எழுதி வெச்சிருப்பார்.

உப்புக்காற்று | 17.1.2026, இரவு 9.30

ஜெட் வரும்வரை முக்கால் த்ராட்டிலுக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள்.

இனி வார இறுதிக்கு மட்டும் ஓட்டுபவருக்கு: போகிற தூரத்துக்குத் தேவையானது, அதோடு பாதி கூடுதல், அவ்வளவே கலவுங்கள். 10 லிட்டர் என்றால் 200 மில்லி ஆயில். மீந்ததை இரண்டு வாரத்துக்கு மேல் டாங்கில் வைக்க வேண்டாம். கடைசி ஓட்டத்தில் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஸ்லோவில் எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள், பிறகு வடிகால் திருகையும் திறந்து மிச்சத்தை வடியுங்கள். தண்ணீர் குளிர்விப்பு ஓடும்போது மட்டும் இதைச் செய்ய வேண்டும், கரையில் வெறுமனே ஓட்டினால் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் எரிந்துவிடும்.

அடுத்த முறை கனெக்டர், 'ஓ' ரிங் வாங்கும்போது விட்டான் ரப்பரா என்று கேளுங்கள். சாதா நைட்ரில் எத்தனாலில் ஊறி ஊதிவிடும், காய்ந்ததும் சுருங்கி மறுபடி காற்று இழுக்கும். கடையில் இரண்டும் ஒரே கறுப்பு நிறத்தில்தான் இருக்கும், பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.